குமரிச் சமையலைக் கொன்றது மிக்சியா?

கேள்வி | ஜூன் 15, 2025

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். வேலை மாற்றலாகி நாகர்கோவிலில் குடியிருக்கிறேன். குமரிச் சமையல், நாஞ்சில் சமையல் என்று எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். ஆனால் நான் போன வீடுகளில் காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சாம்பார், ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இது எங்கள் ஊரிலும் கிடைக்கும். உங்கள் அவியல், தீயல், எரிசேரி எல்லாம் கல்யாணப் பந்தியிலும் ஹோட்டலிலும் மட்டும்தானா? "வீட்டுச் சமையல் எப்பவோ போயாச்சு, மிக்சி வந்து கெடுத்துட்டு" என்கிறார் வீட்டுக்கார அம்மா. உண்மையா?

ஜூன் 15, இரவு

வீட்டுக்கார அம்மா சொன்னதில் பாதி சரி. மிக்சி மேல் பழி போட்டதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு எழுதுகிறேன், பயறு ஊறப் போட வேண்டும்.

ஜூன் 16

எங்கள் ஊர்ச் சமையலில் பாதி வேலை தேங்காய்தான். அதையும் ஒரே மாதிரி அரைத்தால் ஆகாது. துவரனுக்கு, அதாவது பொரியலுக்கு, சீரகம், பச்சை மிளகாயோடு சும்மா சதைத்தால் போதும். அவியலுக்குக் கொரகொரப்பு வேண்டும். மீன் குழம்புக்கு மைய அரைக்க வேண்டும். தீயலுக்கு வறுத்து, அதன் எண்ணெய் வெளியே வரும் வரை அரைக்க வேண்டும். இதெல்லாம் அம்மியில் நடந்த காலத்தில் அரைத்தது யார்? என் ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாரிவிட ஆள் வேண்டும். அம்மிக் குழம்பின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அம்மி அரைத்தவர்கள் என்று ஒரு கணக்கெடுத்தால் தேவலை.

2011 செப்டம்பரில் அரசாங்கம் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அந்த மிக்சியைப் பற்றி ஆயிரம் கேலி உண்டு. சத்தம் போடும், சூடாகும், ஜாடி மூடி பறக்கும். இருந்தாலும் எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்தது என்னவென்றால், அதுவரை வெறும் தக்காளிக் குழம்பும் ரசமுமாகச் சமாளித்த வீடுகளில், காலையில் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தார்கள். மிக்சி வந்ததால்தான் எங்கள் குழம்பு பிழைத்தது.

வீட்டுக்கார அம்மா சொன்னதில் எது பாதி சரி என்று கேட்பீர்கள். ஏதோ ஒன்று போயிருக்கிறது, அது உண்மை. ஆனால் போனது அவியலும் தீயலும் இல்லை.

ஜூன் 18

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்துச் சமையல் என்று ஒரே சமையல் கிடையாது. நான் பிறந்தது பூதப்பாண்டி பக்கம், வாழ்க்கைப்பட்டது குலசேகரம் பக்கம். பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம். ஆனால் அடுப்படி வேறு.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகா வயல் நாடு, அதுதான் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல். பிறந்த வீட்டில் எதுவானாலும் சோற்றைச் சுற்றித்தான் நடக்கும். புளிக்கறி, சாம்பார், புளிசேரி, ஒரு துவரன், பப்படம். செவ்வாய், வெள்ளி மீன் கிடையாது. கல்குளம், விளவங்கோடு மேடும் பள்ளமுமான விளை நாடு. ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), வீட்டுக்கு வீடு சக்கை (பலா) மரம். புகுந்த வீட்டில் மரச்சீனியும் மீன் கறியும் இருந்தால் அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை என்று யாரும் குறைப்படமாட்டார்கள். கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. சோறு எப்போ வரும் என்று இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமிக்கும் என்னால் அதிர்ச்சி உண்டு. கத்தரிக்காயை அவியலில் போட்டேன். அந்தக் கதை பிறகு.

"பாதி கேரளா, பாதி தமிழ்நாடு" என்று பின்னூட்டத்தில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. எரிசேரி, ஓலன், அடைப் பிரதமன் எல்லாம் அப்போதே இங்கே உண்டு. யாரும் எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டிப் போய்க் கடன் வாங்கி வரவில்லை.

ஜூன் 21

மரச்சீனி பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியவர் என்று சொல்லப்படுகிறவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். அரிசிக்கு வெளியூரை நம்பியிருந்த நாட்டில் ஏழைகளுக்கு ஒரு கிழங்கு வேண்டும் என்பது எண்ணம். அதன் அருமை 1942-இல் தெரிந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றது. அந்தக் காலத்தில் கிழங்கைத் தின்று பிழைத்ததாக என் மாமனாரின் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கடைசிவரை அது பிடிக்காது. பேரன் பேத்திகள் ஆசையாகத் தின்பதைப் பார்த்து, "இதையா இப்படித் திங்குது பிள்ளைய" என்பார்.

செய்முறை. தோலை உரித்ததும் உள்ளே இளஞ்சிவப்பாக இன்னொரு தோல் இருக்கும், அதையும் கத்தி நுனியால் கீறி வளையம் வளையமாக உரித்துவிட வேண்டும். துண்டு போட்டு, மூழ்கும் அளவுக்கு மேலேயே தண்ணீர் ஊற்றித் திறந்து வைத்து வேக வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து வேகவைக்கும் வேலை இதற்கு ஆகாது. கிழங்கில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது, கசப்புக் கிழங்கில் கூடுதல். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். ஆச்சிமார் இதை வேதியியல் படிக்காமலே செய்தார்கள்.

வெந்த கிழங்கு தானாக வெடித்து நடுவில் உள்ள நார் தெரியும். நாரை எடுத்துவிட்டு, தேங்காய், சீரகம், பூடு, பச்சை மிளகாய், மஞ்சள் சதைத்துப் போட்டு, அடுப்பில் வைத்தே அகப்பைக் காம்பால் குத்தி மசிக்க வேண்டும். முழுக்க மசியக்கூடாது, அங்கங்கே கட்டி நிற்க வேண்டும். கடைசியில் கறிவேப்பிலை, பச்சைத் தேங்காய் எண்ணெய். கூட சாளை (மத்தி மீன்) கறி.

வாங்கும்போது ஒடித்துப் பாருங்கள். உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பிடுங்கி நாளாகிவிட்டது. நல்ல கிழங்கு சட்டென்று ஒடியும், வெள்ளையாக இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. விதவிதமாக ரகம் விட்டிருக்கிறார்கள். ஆனால் பிடுங்கிய மூன்றாம் நாள் கறுக்காத கிழங்கு எங்கள் சந்தைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஜூன் 22

"மரச்சீனி தென்னமெரிக்கக் கிழங்கு, அது எப்படி நம்ம பாரம்பரியம்?" என்று கேட்டவருக்கு: சரி அண்ணே. மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான், தக்காளியும் அங்கிருந்து வந்ததுதான், உங்கள் உருளைக்கிழங்கு பொடிமாசும் அப்படித்தான். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு நல்லமிளகு ரசத்தோடு இருங்கள்.

ஜூன் 28

இன்று மீன்.

உள்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். நம்ம மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அது சின்னமுட்டத்துக்கு. மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அது முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகத்து விசைப்படகு கடலுக்குப் போகும்போது இன்னொரு துறைமுகத்தில் கட்டிப் போட்டு வலை பின்னுவார்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டுமே கிடையாது. அப்போது வள்ளக்காரர்கள் (நாட்டுப்படகுக்காரர்கள்) கொண்டு வருவதுதான் மீன். விலையைக் கேட்டால் துவரன் வைத்துவிடலாம் என்று தோன்றும். இப்போது சின்னமுட்டம் திறந்தாகிவிட்டது, ஆனால் எங்கள் பக்கத்து விலையில் பெரிய இறக்கம் இல்லை.

சாளை பற்றி ஒன்று. நான் சின்னவளாக இருக்கும்போது சாளை வாங்கினேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் வெட்கப்படுவார்கள், அவ்வளவு மலிவு. தென்னைக்கு உரமாகப் போட்ட காலம் உண்டு. கேரளக் கடலில் 2012-இல் உச்சமாகக் கிடைத்த சாளை அதற்கப்புறம் சரிந்தது. சாளைக்கு நெய்மீன் விலை சொன்ன நாளெல்லாம் பார்த்தாயிற்று. இப்போது மறுபடி வருகிறது, ஆனால் விரல் நீளத்தில். அந்தச் சைசுக்கு அவியல்தான் சரி: மாங்காய், தேங்காய், பச்சை மிளகாய், மஞ்சள் அரைத்துப் பிசறி, மண்சட்டியில் தண்ணீர் அதிகம் விடாமல் வற்ற வைப்பது. கரண்டி போடக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

மீன் கொண்டு வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். தலையில் அலுமினியச் சருவத்தோடு நடந்து வந்த அம்மாமார் குறைந்து, பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிய பையன்கள் வருகிறார்கள். அந்த அம்மா கடன் கொடுப்பார், வெட்டித் தருவார், வீட்டுச் சமாசாரம் கேட்பார், மூன்றாம் வீட்டுச் சமாசாரமும் சொல்வார். பையன் ஹாரன் அடிப்பான். ஜிபே வாங்குவான்.

ஒன்று விட்டுப்போச்சு. பிள்ளைகள் முள் மீன் தின்பதில்லை. என் மகளுக்கு நெத்திலியே முள்! தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் எடுத்து, நடு முள்ளையும் உருவிக் கொடுத்தால் ஒரு வாய் தின்பாள். "முள்ளில்லாத மீன் வாங்குங்கம்மா" என்கிறாள். அப்படியானால் கணவாய்தான் வாங்க வேண்டும்.

ஜூலை 6

அவியல் சண்டை. எதிர்பார்த்ததுதான்.

கத்தரிக்காய் போடலாமா? நாஞ்சில் நாட்டில் போடுவோம். கத்தரிக்காய் இல்லாத அவியலைப் பார்த்தால் என் அம்மா ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைப்பார். மாமி வீட்டில் நான் போட்டபோது, "இது என்ன, கறுத்துக் கிடக்கு" என்றார். வெட்டியதும் தண்ணீரில் போட்டு, கடைசியில் சேர்த்தால் கறுக்காது. இப்போது மாமியே போடுகிறார். ஆனால் புளிப்புக்கு அவர் மாங்காய், நான் தயிர். அதில் சமாதானம் ஏற்படவில்லை.

தக்காளி போடுகிறேன் என்று எழுதியவரோடு எனக்குப் பேச்சு இல்லை. வெங்காயம் தாளித்துக் கொட்டுகிறவரோடும் இல்லை.

மிக்சியில் தேங்காயை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரு சுற்று அதிகமானால் கூட்டு ஆகிவிடும். வீட்டுக்கார அம்மா மிக்சியைத் திட்டியது ஒருவேளை இதற்காக இருக்கலாம், அப்படியானால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஜூலை 12

தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடையில் கேட்டுவிட்டு, பாமாயில் பாக்கெட்டும் ஒன்று வாங்கி வந்தேன். விளைச்சல் குறைவு, இளநீராக வெட்டுவது, கொப்பரைத் தட்டுப்பாடு என்று காரணம் சொல்கிறார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், அப்பளம் பொரிக்கப் பாமாயில்.

கணக்கு எப்படி மாறியது என்று சொல்கிறேன். முன்பு தாளிக்க, பொரிக்க, மேலே ஊற்ற, தலைக்குத் தேய்க்க எல்லாம் ஒரே குப்பி. இப்போது பொரிப்பதற்குப் பாமாயில் அல்லது சூரியகாந்தி, தாளிக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அவியலுக்கும் கிழங்குக்கும் மேலே ஊற்றக் கட்டாயம் தேங்காய் எண்ணெய். அந்தக் கடைசி ஸ்பூனை யாரும் விடவில்லை, எவ்வளவு விலை ஏறினாலும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடைகளில் என்ன எண்ணெய் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

ஜூலை 20

ஜூன் 16-ஆம் தேதி, ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று எழுதி நிறுத்தினேன். அது என்ன என்று இரண்டு பேர் விடாமல் கேட்கிறார்கள்.

போனது கஞ்சி.

விருந்துச் சாப்பாடு எங்கும் போகவில்லை. கல்யாணத்தில் அவியல், எரிசேரி, ஓலன், இஞ்சிக்கறி, போளியும் பால் பாயசமும், அடைப் பிரதமன் எல்லாம் முன்பைவிட ஜோராக வருகிறது. சமையல்காரர்கள் இருக்கிறார்கள், வீடியோ இருக்கிறது, ஹோட்டலில் இருக்கிறது. வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை யாராவது தீயல் வைக்கிறார்கள். காணாமல் போனது, யாரும் படம் எடுக்காத சாப்பாடு. காலையில் பழஞ்சி, அதாவது தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு; ராத்திரி சூடு கஞ்சி. தொட்டுக்கொள்ள காணத் (கொள்ளு) துவையல், சுட்ட பப்படம், பயறு, சக்கைக்குரு துவரன், உப்பிலிட்ட மாங்காய், கருவாடு. இதுதான் எங்கள் இரண்டு வேளை. சோறு, குழம்பு என்பது மதியம் ஒரு நேரம்.

ராத்திரிக் கஞ்சி குடித்த முறை எனக்குக் கண்ணில் நிற்கிறது. பிலா இலையைப் பறித்து வந்து, இரண்டு ஓரத்தையும் குவித்து ஈர்க்கிலால் குத்துவார் பாட்டா (தாத்தா). எங்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று. அதால் கோரிக் குடித்தால் கஞ்சிச் சூடு உதட்டில் படாது. அரிசி சம்பா. சிவப்புத் தவிடு ஒட்டிய பருமனான புழுங்கல். வேக ரொம்ப நேரம் ஆகும், வெந்தாலும் தனித்தனியாக நிற்கும். அந்தக் கஞ்சித் தண்ணீருக்கே ஒரு மணம் உண்டு.

எது கொன்றது? மிக்சி இல்லை. ஃப்ரிட்ஜ்!

யோசித்துப் பாருங்கள். மிச்சச் சோற்றுக்கு ராத்திரி தண்ணீர் ஊற்றியது ஏன்? ஊற்றாவிட்டால் கெட்டுப்போகும். கெடாமல் வைக்கச் செய்த உபாயம், மறுநாள் காலைப் பலகாரம் ஆயிற்று. ஃப்ரிட்ஜ் வந்ததும் மிச்சச் சோறு சோறாகவே இருக்கிறது, மறுநாள் சூடாக்கிக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்ற என்ன அவசியம்? ஊற்றவில்லை என்றால் பழஞ்சி இல்லை. அதே ஃப்ரிட்ஜில் இட்லி மாவு நாலைந்து நாள் புளிக்காமல் இருந்தது. எங்கள் வீட்டில் இட்லி, தோசை என்றால் தீபாவளி, அல்லது மருமகன் வந்திருக்கிறார் என்று அர்த்தம். மாவு ஆட்டி வைத்துக்கொள்ள முடிந்ததும் அது தினப்படி ஆனது. இப்போது ஆட்டவும் வேண்டாம், கடையில் பாக்கெட் மாவு. உங்கள் ஊர்ச் சாப்பாடும் எங்கள் ஊர்ச் சாப்பாடும் காலையில் ஒன்றாகிப் போனது இப்படித்தான், தம்பி.

அரிசியும் மாறியது. ரேஷனில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். பசிக்கு அது செய்த உபகாரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அரிசியில் கஞ்சி வைத்தால் பசையாகிவிடுகிறது. சம்பா வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பாட்டா குடித்த ஏழைக் கஞ்சியை இன்று குடிக்கக் கொஞ்சம் வசதி வேண்டும்.

ஜூலை 21

"வறுமையில் குடித்ததை ஏன் கொண்டாடுகிறீர்கள்? உங்கள் வீட்டில் அதை விரும்பியா குடித்தார்கள்?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். படித்துவிட்டு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "எனக்கு எங்க பிடிச்சுது? எல்லாரும் தின்னு மிச்சம் கிடந்தா வெள்ளத்த குடிச்சிட்டு வயலுக்குப் போவேன்" என்றார். சோற்றுப் பருக்கை பாட்டாவுக்கும் அப்பாவுக்கும், அடுத்து பிள்ளைகளுக்கு. பானையின் அடியில் இருக்கும் நீச்சுத் தண்ணியும் உப்பும் மிளகாயும் அம்மாவுக்கு. பிலா இலையை மடித்துக் கொடுத்த பாட்டாவை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அப்போது அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இப்போது பிடித்த காலைச் சாப்பாடு பூரி.

ஜூலை 23

நேற்று நாகர்கோவில் போனேன். ஒரு ஹோட்டலில் மண்சட்டியில் பழங்கஞ்சி. தயிர், மரச்சீனி, மீன் குழம்பு, காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), சம்மந்தி எல்லாம் போட்டு, ஒரு பிரியாணிக்குப் பக்கத்தில் விலை. வெளியே கார் வரிசை. சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அது விருந்து. ஆறு கறி வைத்துக் குடிப்பதைப் பழஞ்சி என்று அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார்.

ஆகஸ்ட் 2

மேற்கிலும் தடை முடிந்தது. குளச்சலில் விசைப்படகெல்லாம் இறங்கிவிட்டது. கணவாய் வரும், வாங்க வேண்டியவர்கள் பை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆகஸ்ட் 5

ஆடிச் செவ்வாய். பிறந்த ஊர்ப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலில் கூழும் கொழுக்கட்டையும். அக்கா போய்விட்டுப் போட்டோ அனுப்பினாள். வீட்டில் யாரும் இப்போது செய்வதில்லை என்று நான் நினைக்கிற பண்டங்கள் எல்லாம் சாமி பேரைச் சொல்லித்தான் உயிரோடு இருக்கின்றன. மண்டைக்காட்டுக்குப் போனால் மண்டையப்பம், திருக்கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை. சர்ச் திருவிழாவும் அப்படித்தான், கடையைச் சுற்றினால் அக்கானி (பதநீர்) காய்ச்சிய கருப்பட்டியில் செய்த பலகாரம் ஒன்றாவது கிடைக்கும். கஞ்சிக்கு ஒரு சாமி இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 17

சப்பாத்தி பற்றிக் கேட்டீர்கள். அது ருசிக்காக வந்ததில்லை, சுகருக்காக வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு 2023-இல் சொன்னது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. டாக்டர் "சோற்றைக் குறைங்க" என்றார், நாங்கள் "சப்பாத்தி தின்னுங்க" என்று கேட்டோம். என் வீட்டுக்காரர் ராத்திரி ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு, சுகர் குறையவில்லை என்று டாக்டரைக் குறை சொல்கிறார். குறைக்கச் சொன்னது அளவை.

பிள்ளைகள் கதை வேறு. மார்த்தாண்டம், தக்கலை ரோட்டில் சாயங்காலம் போனால் குழிமந்தி, அல்ஃபாம், ஷவர்மா. வளைகுடாவில் வேலை பார்த்து வந்தவர்கள் பழக்கிவிட்டது. முன்பு வெளியே சாப்பிடுவது என்றால் பரோட்டாவும் பீஃபும், ஏத்தம்பழ பஜ்ஜியும் தேயிலையும்தான். இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மந்தியும் சோறுதான், இறைச்சியும் மசாலாவும் அதிகம், அவ்வளவுதான். என் மகன் மந்தி தின்றுவிட்டு வந்து, வயிறு சரியில்லை என்று ராத்திரி கொஞ்சம் கஞ்சி கேட்பான். வைத்துக் கொடுப்பேன். இந்த வீட்டில் கஞ்சிக்கு மிஞ்சியிருக்கிற வேலை அது.

மட்டி வாழைப்பழத்தை மட்டும் அவன் விடவில்லை. 2023-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் ருசி கூடியதா என்று கேட்டால் விலை கூடியது என்று கடைக்காரர் சொல்கிறார்.

ஆகஸ்ட் 30

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். "எல்லாம் சரி அக்கா, நாங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்றால் எது? அடுத்த வாரம் ஓணத்துக்கு உள்ளூர் லீவு, ரெண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்."

உள்ளித் தீயல் வையுங்கள். ஓணத்துக்கு அது கணக்கில்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், பாயசத்தை ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம்.

வடசேரிச் சந்தையில் சின்ன உள்ளி கால் கிலோ வாங்குங்கள், ரொம்பப் பெரிதாக வேண்டாம். முற்றின தேங்காய் அரை மூடி. இருப்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, துருவின தேங்காய், நாலு உள்ளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகு போட்டுச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஈரம் போகும், கை லேசாகும். அப்புறம் மஞ்சளாகும். இங்கேதான் எல்லோரும் இறக்கிவிடுகிறார்கள். இறக்காதீர்கள். சிவக்கும், அப்புறம் காப்பிப்பொடி நிறத்துக்கு வரும். அந்த நேரம் தீயை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே மல்லிப்பொடி இரண்டு ஸ்பூன், மிளகாய்ப்பொடி ஒரு ஸ்பூன், மஞ்சள் போட்டுப் பிரட்டுங்கள். அடுப்பு எரியும்போது பொடி போட்டால் கருகிக் கசக்கும். போனை அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள், தேங்காய் சிவப்பதற்கும் கருகுவதற்கும் நடுவில் ஒரு போன் எடுக்க நேரமில்லை.

ஆறவிட்டு மிக்சியில் முதலில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். எண்ணெய் கசிந்து ஓரத்தில் பளபளவென்று ஒட்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர். உரித்த உள்ளியை எண்ணெயில் வதக்கி, நெல்லிக்காய் அளவு புளி கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, உள்ளி வெந்ததும் அரைத்ததைச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மேலே எண்ணெய் மிதந்ததும் இறக்கலாம். கடுகும் வத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். வெல்லம் போடுகிறவர்களும் உண்டு, நான் போடுவதில்லை.

அன்றைக்கே தின்றால் சுமார்தான், மறுநாள்தான் தீயல். ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பரவாயில்லை. காலையில் சட்டியில் ஊற்றி அடுப்பில் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். தொட்டுக்கொள்ளப் பப்படம், இல்லாவிட்டால் கீரைத் துவரன். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். எதில் அரைத்தது என்று சொல்ல வேண்டாம்.